ஊவாத் தேயிலையும் நம் நாவும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் வரலாற்றையோ, நமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியப் பெருமக்களின் அருமையையோ எழுதுவதே முறையென முதலில் எண்ணினோம். அவற்றை எழுதுதற்கு நம்மினும் தகுதியுடையோர் பலர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். ஆதலின், நாள்தோறும் துயிலெழுந்தவுடன் நாம் கையிலேந்தும் ஒரு பொருளைப் பற்றிச் சில கருத்துக்களைக் கூறத் துணிந்தோம். பதுளையிலிருந்துகொண்டு தேயிலையைப் பற்றி எழுதுவது யாழ்ப்பாணத்திலிருந்து பனையைப் பற்றி எழுதுவது போலாகும் எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பனையின் சுவையை யாழ்ப்பாணத்தார் அறிவர். நம் தேயிலையின் சுவையை நாம் அறியோம். இதுவே நாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

இவ்வெண்ணம் நமக்குத் தானாகத் தோன்றியதன்று. நம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது பிரான்சு நாட்டில் வாழும் அன்பர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். பழைய மாணவர் சிலர் கூடியிருந்த இடத்தில், அந்நாட்டு மக்கள் திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பிடும் முறையை அவர் விரித்துரைத்தார். மதுவின் பேச்சு நம் கல்லூரி மலருக்கு ஏற்றதன்று. அதனைச் சுவைத்தறியும் பேறோ பேறின்மையோ நமக்கு வாய்த்ததுமில்லை. எனினும் அவர் கூறிய ஒரு செய்தி நம் நெஞ்சில் தைத்தது. அங்குக் குடியானவன் ஒருவன், கிண்ணத்தை மூக்கருகே கொணர்ந்து, இஃது இன்ன மலைச்சரிவில் விளைந்த பழத்தின் சாறு என்று சொல்லிவிடுவானாம். ஓர் ஊரின் பெயரைப் பிறவூர் மது ஏற்றுக்கொள்ளாதவாறு அந்நாட்டார் 1935இல் சட்டமுஞ் செய்துள்ளனர். இவற்றைக் கூறிய அன்பர் நம்மை நோக்கி, "ஊவாத் தேயிலை, ஊவாத் தேயிலை என்று கடைக்காரர் பாரிசு நகரிலே கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கின்றனர். அதன் சுவைதான் என்ன? திம்புளைத் தேயிலைக்கும் அதற்கும் வேற்றுமை யாது?" என வினவினார். கூடியிருந்தோருள் தோட்டத்தில் எழுதுவினைஞராக இருந்தவரும் இருந்தார். தேயிலை லொறிக்குச் சொந்தக்காரரும் இருந்தார். விடை பகர்ந்தார் எவருமிலர்.

அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே, சென்ற புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கல்லூரி இரசாயனக் கூடத்தில் ஒரு சிறு சோதனை நடத்தினோம். அதனைக் கூறுமுன், சுவை எங்கிருந்து வருகின்றதென்பதைச் சிறிது கூறுதல் வேண்டும்.

இலங்கைத் தேயிலையை ஏழு வட்டாரங்களாக வகுப்பர்: நுவரெலியா, திம்புளை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்பிரகமுவை, உறுகுணை. செடி எங்கும் ஒன்றே. 1867இல் யேம்சு தெயிலர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டதும், இன்று நமுனுக்குலைச் சாரலில் நிற்பதும் ஒரே குலத்துச் செடிகளே. உயரமும் காற்றும் மழையுமே வேற்றுமையை விளைப்பன. ஊவாவிற்கு வாய்த்த காற்று ஏனைய எவ்வட்டாரத்திற்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் அட்டன், தலவாக்கலைப் பக்கத்து மலைகளிற் கொட்டிவிட்டு, முகட்டைக் கடந்து நம் பக்கம் இறங்குகையில் வறண்ட காற்றாகி விடுகின்றது. அதனையே நம்மவர் கச்சான் என்பர். (கொறிக்குங் கச்சானை எண்ணி எவரும் மயங்க வேண்டா.) அங்கே குடையின்றி வெளிச்செல்ல இயலாத நாளில், பசறை, தெமோதரை, பண்டாரவளைப் பக்கங்களிற் புழுதி பறக்கும். பகலில் வறண்ட காற்று, இரவிற் குளிர். நீரின்றித் துன்புறும் செடி, வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு, தன் இலையில் வேறு பொருள்களைச் சேர்க்கின்றது.

அப்பொருள்களுள் தலையாயது மெதைல் சலிசிலேற்று என்பது. பெயர் கேட்டு அஞ்ச வேண்டா. சுளுக்கிற்குப் பூசும் தைலத்தின் மணமே அதன் மணம். தைலத்திற் கடுமையாயிருப்பது தேநீரில் மிக நுண்ணிய அளவில் நிற்றலால், புதினாவை நினைவூட்டும் குளிர்ச்சியாகத் தோன்றுகின்றது. அதனோடு பூமணந் தரும் வேறு பொருள்களும் கூடுகின்றன. டார்ஜிலிங்கில் கோடைக் கொழுந்தைத் தத்துப்பூச்சி கடிப்பதனால் முந்திரிகை மணம் உண்டாகின்றதென்பர். அங்குப் பூச்சி செய்வதை இங்குக் காற்று செய்கின்றது. சப்பான் நாட்டார் டார்ஜிலிங், சீனத்துக் கீமன், நம் ஊவா என்னும் மூன்றையும் உலகத்து முப்பெருந் தேயிலைகளென வரிசைப்படுத்துவர். ஆடியும் ஆவணியுமே இம்மணத்திற்குரிய காலம். இடையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தாற் போதும், மணம் மறைந்துவிடும். பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நமக்குரிய மழையைக் கொணரும். அம்மழை கொழுந்தைப் பெருக்கும், மண்ணையும் அசைக்கும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2025 நவம்பர்ப் புயலில் நம் மாவட்டம் பட்ட பாட்டையும் மறந்தோர் இங்கில்லை.

நிற்க. சோதனைக்கு வருவோம். ஏழு வட்டாரத்துத் தேயிலையையும் பழைய மாணவர் வாயிலாகத் திரட்டினோம். ஊவாவில் மட்டும், ஒரே தோட்டத்தின் இரு தூள்களை வைத்தோம்: ஒன்று அவ்வாண்டு ஆவணியிற் செய்தது, மற்றையது முந்திய கார்த்திகையிற் செய்தது. ஆக எட்டு. கொழும்பிலே தரகு நிறுவனங்களிற் சுவைஞர் பயன்படுத்தும் மூடியிட்ட வெண்சாடிகள் நம்மிடம் இல்லை. கடைத்தெருத் தேநீர்ச்சாலையினின்றும் வெள்ளைக் கோப்பைகளை இரவல் வாங்கிச் சிறு தட்டுக்களால் மூடினோம். நிறுப்பதற்கு இரசாயனத் தராசு உதவிற்று. 1980இல் வகுக்கப்பட்ட சருவதேச நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள்; ஆறு நிமிடம் ஊற வேண்டும். கோப்பையின் அடியில் எண்ணை மட்டும் ஒட்டி, எது எவ்வூரென்பதை ஒருவரே அறிந்திருக்குமாறு செய்தோம். அவர் நம் கல்லூரியின் மூத்த மாணவர். முப்பதாண்டுக்கு மேல் ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலில்லை, சீனியில்லை என்று அவர் அறிவித்தபொழுது கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தேநீரைக் கரண்டியால் அள்ளி, ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் புரட்டி, பின்னர் உமிழ்ந்துவிட வேண்டுமென அவர் செய்து காட்டியபொழுது மாணவர் நகைப்பை அடக்க இயலவில்லை. ஓசையின்றிப் பருகுக என்று அவர்களுக்குப் பத்தாண்டாகக் கற்பித்தோரும் நாமேயன்றோ!

இனி நம் நாவிற்பட்டதைக் கூறுவோம். நுவரெலியாத் தூள் வைக்கோல் நிறமாய், எலுமிச்சைத் தோலை நகத்தாற் கீறியது போன்ற மணத்துடன் இருந்தது. நன்று, ஆனால் நம் போன்றோர்க்கு இது வெந்நீரினும் ஒரு படி மேலென்றே தோன்றிற்று. திம்புளை தூய்மையானது. அதிற் குறைகூற இடமில்லை. ஒழுக்கமான பிள்ளையைப் போல அமர்ந்திருந்தது. கண்டி செப்பு நிறம், வாயை நிறைக்கும், பால் வேண்டும் என்று தானே கேட்டது. சப்பிரகமுவையில் ஓர் இனிப்பு இருந்தது. உடப்புசல்லாவையைப் பற்றி எழுதி வைத்த குறிப்பை இப்பொழுது எடுத்துப் பார்க்கின், "நன்று" என்று மட்டுமே உளது. நம் அயலார்க்கு நாம் செய்த நீதி அவ்வளவே. உறுகுணைத் தேயிலையோ நீண்டு கறுத்த இலை, சாறு கருஞ்சிவப்பு, தடித்த சுவை, விழுங்கியபின் கித்துள் கருப்பட்டியைக் கடித்தது போன்ற ஓர் எச்சம். இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது இன்று இத்தகைய தாழ்நிலத்ததே. மேற்காசிய நாட்டார் அதனையே விரும்பி வாங்குகின்றனர்.

எஞ்சிய இரு கோப்பைகளுள் ஒன்று சுவையற்றதன்று, ஆயினும் அதனைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. மற்றையதன் நிறம் பொன்னும் சிவப்பும் கலந்தது. விளிம்பில் மெல்லிய ஒளிவளையம். மணம் மூக்கில் ஏறியபொழுது நம்முட் சிலர் தலையைப் பின்னுக்கு இழுத்தனர். முதலிற் குளிர்ச்சி, பின்பு ஏதோ ஒரு பூ, அதன்பின் நாவின் இருமருங்கையும் கவ்விப் பிடிக்கும் துவர்ப்பு. அத்துவர்ப்பு கசப்பாக நின்றுவிடாமல் சிறிது நேரத்தில் விலகி, வாய் தூய்மையாகின்றது. இஃது என்ன, மருந்து கலந்ததா என ஒருவர் வினவினார்.

ஊவா எது என்று எழுதித் தருமாறு எல்லோர்க்கும் தாள் கொடுக்கப்பட்டது. ஆசிரியரும் பழைய மாணவரும் மாணவருமாகக் கூடியிருந்தோருட் பெரும்பாலோர் உறுகுணைக் கோப்பையின் எண்ணையே எழுதினோம். ஆம், இக்கட்டுரை எழுதும் நாமும் அவ்வாறே எழுதினோம். சாயம் மிகுந்து, தடித்து, வலிமையாயிருப்பதே நம் மலையினது என நம் நா எண்ணிற்று. ஏனெனின், பால்மாவும் சீனியும் கரைத்துக் குடிப்பதற்கு ஏற்ற தூளையே நாம் பிறந்த நாள் தொட்டுக் குடித்து வருகின்றோம். நம் வீட்டுக் காற்றில் விளைந்ததை மருந்தென்றோம். காலிக்கும் மாத்தறைக்கும் உரியதை நம் தாயென்று தழுவிக்கொண்டோம்.

பிழையாமற் சொன்னவர் சிலருள் ஒருவன் உயர்தர வகுப்பு மாணவன். அவனுடைய தாயார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். எவ்வாறு கண்டாய் என வினவினோம். "சேர், ஆடிக்காத்து நேரத்துல வெடியக்காலம் ஸ்டோர் பக்கமா வந்தா இந்த வாசந்தான் வரும். குடிச்சதில்ல, சேர்" என்றான். கூடம் அமைதியாயிற்று. டீமேக்கர் ஐயா மட்டும் தலையசைத்தார். இரவெல்லாம் மாடியில் வாடிய கொழுந்து ரோதையில் அரைபட்டு, தரையிற் பரப்பப்பட்டு நிறம் மாறும்பொழுது எழும் மணமே அது என்றும், அதனை நொதித்தல் என்று வழங்கினும் மெய்யில் அஃது ஒட்சியேற்றமே என்றும், ஆடியில் அம்மணம் உச்சியை அடையும் கணத்தைத் தாம் கடிகாரத்தாலன்றி மூக்கினாலேயே கண்டதாகவும் அவர் உரைத்தார். ஸ்டோரிற் பணிபுரிவோர் ரோதைமுனியைக் கும்பிட்டுவிட்டே வேலை தொடங்கும் வழக்கத்தையும் சொன்னார்.

அம்மாணவன் குடித்ததில்லை என்றது ஏன் என்பதையே நாம் ஆராய வேண்டும். தோட்டத்து வீடுகளுக்கு மாதந்தோறும் கிடைக்கும் தூள் பெரும்பாலும் மணம் நோக்கிப் பிரித்தெடுத்ததன்று. ஏற்றுமதிக்குரியன பெட்டியிலும் பையிலும் ஏறியபின் எஞ்சுவதன் இனத்தைச் சேர்ந்தது அது. நன்றாகச் சாயம் இறங்கும். உள்ளங்கையிற் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கலாம். மலையேறிய களைப்பு நீங்கும். அதனை இகழோம். ஆயினும் ஆவணித் தூள் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திற்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறித் தோக்கியோவிலும் ஆம்புர்க்கிலும் ஊவா என்னும் பெயராலேயே மதிக்கப்படுகையில், ஊவாவில் அதனைப் பறித்த கை அதனை ஏந்தியதில்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்று.

இதனினும் கசப்பான ஒன்றுண்டு. மணம் மிகும் அதே மாதங்களிற் கொழுந்து குறையும். செடி வாடினாலன்றோ மணம்! பறிக்க வேண்டிய நிறை இவ்வளவென ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் அளவு உண்டு. அதனை எட்டாத நாளில் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான் என்னும் வழக்கத்தை நாம் பிள்ளைப் பருவந் தொட்டுக் கேட்டு வளர்ந்தோம். நம்முள் ஒருவரின் தாயார் ஆடி மாதத்தில் மாலை நிறுவைக்கு வரும்பொழுது கூடையின் பாரத்தை வைத்தே அன்றைய இரவுச் சமையலை முடிவு செய்வார். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், நிறையளவு உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் முறையிட்டதையும் அறிவோம். ஆகவே, தேயிலை மிகச் சிறந்த விலை பெறத்தக்க காலமும் பறிப்பவர்க்கு நாட்பேர் குறையும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. காற்று செய்யும் இவ்வினைக்குக் காற்றை நோவதற்கில்லை. நிறையளவை எழுதுவோன் மனிதனே.

"வயிற்றுக்கில்லாதவர்க்குச் சுவையைப் பற்றிய பேச்சு எதற்கு? சம்பளத்தைக் கேளுங்கள்" என ஓர் ஆசிரியர் அன்று நம்மைக் கடிந்தார். அவர் கூற்றில் உண்மையுண்டு. முதலிடம் சம்பளத்திற்கே என்பதை நாமும் ஒப்புகின்றோம். எனினும், தான் விற்பது இன்னதென்று அறியாதவன் அதற்கு விலை பேசுதல் எங்ஙனம்? ஆவணிக் கொழுந்து வேறு, கார்த்திகைக் கொழுந்து வேறு என்பதை ஏலத்தில் வாங்குபவன் அறிவான், விற்பவன் அறிவான், ஸ்டோரிலிருப்பவரும் அறிவர். பறிப்பவர்க்கு மட்டும் இரண்டும் கிலோவே. கிலோவையன்றி மணத்தையும் கணக்கிற் கொள்க, கச்சான் காலத்து நிறையளவைச் செடியின் நிலைக்கேற்பத் தாழ்த்துக என்று கேட்பதற்கு, அம்மணம் ஒன்று உண்டென்பதை முதலில் நம் மக்கள் நாவால் அறிந்திருத்தல் நன்று. மற்றொரு ஆசிரியர், இது துரைமார் பழக்கம் என்றார். அறுசுவையென வகுத்துத் துவர்ப்பிற்கும் ஓர் ஆசனம் அளித்த மொழியினர் நாம். சுவையை ஆராய்தல் துரைமார் கொணர்ந்த பொருளன்று.

மொழியென்றதனால் ஒன்று நினைவிற்கு வருகின்றது. அன்று குறிப்பெழுதப் புகுந்தபொழுது சொல்லின்றித் திகைத்தோம். சுவைஞர் கூறும் சொற்களெல்லாம் ஆங்கிலம். டீமேக்கர் ஐயாவோ அவற்றுக்கு ஸ்டோரில் வழங்கும் தமிழைத் தயங்காது சொன்னார்: தீய்ந்த வாசம், புகை வாசம், பச்சை வாசம், செத்த தண்ணி, உயிருள்ள தண்ணி. இவற்றை எந்த அகராதியிலும் நாம் கண்டிலோம். "உயிருள்ள தண்ணி" என்பதற்கு மேலாக ஆவணித் தேநீரைப் புகழ நம்மால் இயலாது. இச்சொற்களையெல்லாம் ஒருவர் திரட்டி எழுதி வைப்பாராயின், பல விழா மலர்கள் செய்யாத தொண்டைச் செய்தவராவர். ஸ்டோர்களில் எந்திரம் மாறுகின்றது. பழைய டீமேக்கர்மார் ஓய்வு பெறுகின்றனர்.

நாம் வேண்டுவன பெரியன அல்ல. ஆண்டுதோறும் ஆவணித் தூள் வந்தவுடன் கல்லூரியில் ஒருநாட் சுவைத்தேர்வு நடைபெறல் வேண்டும். இரசாயனம், புவியியல், தமிழ் ஆகிய மூன்று பாட ஆசிரியரும் அதிற் கலந்துகொள்ளலாம். தேயிலைச் சுவைஞர் தொழில் நம் மாணவருக்கும் மாணவியருக்கும் உரியதே. கூரிய நாவும் பொறுமையும் நினைவாற்றலுமே அதன் முதல். கொழும்புத் தரகு நிறுவனங்களில் உள்ள நம் பழைய மாணவர் ஆண்டுக்கொருவரையேனும் பயிற்சிக்கு அழைத்தால் இக்கல்லூரி அவர்களை வாழ்த்தும். தோட்ட நிருவாகத்தில் உள்ள அன்பர்கட்கோ ஒரு விண்ணப்பம். ஆவணியிற் செய்த நல்ல தூளில் வீட்டுக்கு அரைக்கிலோ, அதனைப் பறித்தவர்க்குக் கொடுங்கள். கணக்கேட்டில் அது பெரிய தொகையாகத் தோன்றாது.

அன்று எஞ்சிய ஆவணித் தூளை ஒரு சிறு பொதியாக்கி அம்மாணவனிடம் கொடுத்தனுப்பினோம். அடுத்த திங்களன்று, தாயார் என்ன சொன்னார் என ஆவலுடன் வினவினோம். "வாசம் நம்ம ஸ்டோர் வாசந்தான், ஆனா சாயம் பத்தலையேன்னாங்க, சேர். ரெண்டு கரண்டி கூடப் போட்டாங்க" என்றான். டீமேக்கர் ஐயாவிடம் இதனைக் கூறியபொழுது அவர் உரக்க நகைத்து, தம் வீட்டிலும் அவ்வாறே நடக்கின்றதென்றார்.

அடுத்த தேர்வுக்கு மூடியிட்ட வெண்சாடிகள் பத்தும், அவற்றிற்கேற்ற கிண்ணங்களும் வேண்டப்படுகின்றன. உடப்புசல்லாவைத் தேயிலையும் சற்று மிகுதியாக வேண்டும். அதற்குச் சென்றமுறை நாம் செய்த குறையை நிவிருத்தி செய்தல் கடன். உதவ விரும்பும் அன்பர்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு ஆனி மாதத்திற்குள் அறிவிப்பாராக.